முந்தி எந்தத் தோள்ல

அப்படிச் சொல்லாதீங்க மதினி. எம் மருமவ என்ன லேசுல வந்து வாச்சவளா? அவ அப்பா ஏரல்ல இருந்து வீடு பாக்க வந்துட்டு, கை நனைக்காமலே எந்திரிச்சுப் போனாவ. நீங்க இந்தத் தெருவுக்குக் குடிவருததுக்கு முன்னால நடந்தது. இப்படி உக்காருங்க, சொல்லுதேன். அந்தப் புளியையும் இங்கன தள்ளுங்க, பேசிக்கிட்டே கொட்டை எடுத்துருவோம்.

எம் மவன் மெட்ராஸ் வாரப் பத்திரிகைல தொடர்கதைக்குப் படம் போடுதான்லா. எடுத்த எடுப்புல அந்த வேலை கிடைக்கல. மொதல்ல பாளையங்கோட்டை காலேஜ் பிள்ளைகளுக்குத் தவளை வரைஞ்சு குடுத்தான். வயித்தைக் கீறி மல்லாக்கப் போட்ட தவளை. படிக்கது அதுக, தவளை போடுதது இவன். பொறவு கடை போர்டு எழுதுனான். ஒரு பால்காரர் வீட்டு போர்டுல பசு வரைஞ்சான். அதைப் பாத்துட்டு நெசப் பசு நின்னு கத்திச்சுன்னு ஊருக்குள்ள சொல்லுவாவ. பொய்தான். ஆனா நானும் சொல்லிக்கிடுதேன்.

மெட்ராசுக்கு அனுப்புன படமெல்லாம் போன வேகத்துல திரும்பி வரும். ஒரு நாள் ஒரு துணுக்குப் படம் போட்டாவ. பொறவு சிறுகதைக்கு. அதுக்குப் பொறவுதான் தொடர்கதை. அதுல ஒரு சங்கடம். கதை எழுதுதவரு கடைசி நேரம் வரைக்கும் எழுத மாட்டாரு. பலசரக்குக் கடைக்குப் போன் வரும். ‘கதாநாயகி ஜன்னல் கம்பியப் பிடிச்சுக்கிட்டு அழுதா’, அம்புட்டுதான் சொல்லுவாவ. அதை வச்சு வரைஞ்சு, சுருட்டி, சாயங்கால பஸ்ஸப் பிடிச்சு ஜங்ஷன் போயி அனுப்பணும்.

மூஞ்சி மனசுல இருந்து வந்துருமாம். சேலை மடிப்பும் கம்பியப் பிடிக்க கையும் ஆளைப் பாக்காம வராதாம். வீட்டுல வேற ஆளு யாரு? நான்தான். எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது மதினி, ஆனா வாரா வாரம் அந்தப் பொஸ்தகத்துல நான் இருந்தேன். டாக்டரம்மாவா நின்னுருக்கேன், பேயா நின்னுருக்கேன். செத்துக் கிடக்கச் சொன்னா நல்லாத் தூங்கிருவேன். மூஞ்சிய மட்டும் பச்சக் கொமரியா மாத்திருவான்.

அப்பதான் ஏரல் சம்மந்தம் வந்தது. கோயில்ல வச்சுப் பிள்ளையப் பாத்தோம். அவளுக்கும் இவனைப் பிடிச்சுட்டு, இவனுக்குக் கேக்கவே வேண்டாம். அவ அப்பாவுக்குத்தான் ஒரு முள்ளு.

“படமெல்லாம் லச்சணமாத்தான் இருக்கு தங்கச்சி. எந்தப் பொண்ணை உக்கார வச்சு வரையுதாரு மாப்பிள்ளை?”

“என்னையத்தான் அண்ணாச்சி.”

அண்ணாச்சி பொஸ்தகத்தைப் பாத்தாவ, என்னையப் பாத்தாவ, மறுபடியும் பொஸ்தகத்தைப் பாத்தாவ. “சரி, வெள்ளிக்கிழமை வீடு பாக்க வாரோம்”னாவ.

நம்ம பக்கம் வழக்கம் தெரியும்லா. வீடு பாக்க வந்தவங்க கை நனைச்சுச் சாப்பிட்டா சம்மதம். இல்லைன்னா பச்சத் தண்ணி குடிக்க மாட்டாவ.

வெள்ளிக்கிழமைன்னு சொல்லிட்டு புதன்கிழமையே வந்துட்டாவ. எல்லாம் அண்ணாச்சியோட அக்காக்காரி பண்ணுன வேலை. சொல்லாமப் போனாத்தான் வீட்டு லெச்சணம் தெரியுமாம். நான் முத்தத்துல நெல்லு அவிச்சுக்கிட்டு இருக்கேன். அதுக்குச் செத்த முன்னாலதான் இவன் வந்து நின்னான்.

“யம்மா, கதாநாயகி கண்ணாடி முன்னால தலை சீவுதா. ஒரு நிமிசம் வந்து உக்காரு.”

“நெல்லு குழைஞ்சா உன் கதாசிரியரா வந்து அள்ளிப் போடுவாரு? போலே, எஞ்சேலைய எடுத்து நீயே கட்டிக்கிட்டு வரை.”

வெளையாட்டுக்குச் சொன்னேன் மதினி. கோட்டிப்பய நெசமாவே கட்டிருக்கான்.

வந்த அக்கா உக்காரல. கண்ணு வீட்டைச் சுத்துது. உள் அறைக் கதவு பாதி தொறந்து கிடக்கு. உள்ள கிளிப்பச்சைச் சேலையில ஒரு முதுகு. தலையில சீப்பு.

“வீட்டுல வேற யாரு இருக்கா?”

“நானும் அவனுந்தான் அக்கா.”

“அப்ப உள்ள தலை சீவுதது யாரு?”

அண்ணாச்சி மூஞ்சி கறுத்துட்டு. அக்காக்காரி கதவைத் தள்ளி, “ஏட்டி, யாருட்டி நீ? வெளிய வா”ங்கா. கிளிப்பச்சை பையத் திரும்புச்சு. மீசை. வாயில தூரிகை. அதை எடுத்துட்டு, “வாங்க மாமா”ன்னு கும்பிட்டான். எந்திரிச்ச வேகத்துல கொசுவம் அவுந்து காலைச் சுத்திக்கிட்டு. உள்ள வேட்டி கட்டியிருந்தானோ, எம் மானம் பொழச்சுதோ.

அண்ணாச்சி சிரிக்கல. “கூத்துல வேசங் கட்டுதவனுக்கா பிள்ளையக் குடுக்க?”ன்னு அக்காகிட்ட முணுமுணுத்தாவ. காப்பி கொண்டாந்தேன். “பஸ்ஸுக்கு நேரமாச்சு, சொல்லி அனுப்புதோம்”னு எந்திரிச்சுட்டாவ. இவனால உக்காந்து வருத்தப்படவும் முடியல. படத்தை முடிச்சு அதே பஸ்ஸுக்கு ஓடுதான். அவங்க முன்னால உக்காந்திருக்காவ, இவன் பின் படிக்கட்டுல சுருட்டுன படத்தைப் பிடிச்சுக்கிட்டு ஜங்ஷன் வரைக்கும் தொங்கிக்கிட்டுப் போயிருக்கான்.

பொறவு ஒரு தகவலும் இல்ல. “போனாப் போகுது”ன்னு சொல்லுதான், ஆனா சோறு எறங்கல. கதையில ஒரு கல்யாணக் காட்சி வந்தது. மாப்பிள்ளைய எழவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி வரைஞ்சு அனுப்பி, பத்திரிகைக்காரங்க திருப்பி அனுப்பிட்டாவ.

அந்தத் தலை சீவுத படம் அச்சாகி ஏரலுக்குப் போச்சு. எம் மருமவ அந்தக் கதையை விடாம வாசிக்கவ. படத்தைப் பாத்தவ கண்ணாடி முன்னால போயி நின்னுக்கிட்டு ஒரே சிரிப்பாம். அவ அத்தை, அதான் அந்த அக்காக்காரியக் கூப்பிட்டுக் காட்டிருக்கா.

“அத்தை, இங்க பாருங்க. முந்தி வலது தோள்ல கிடக்கு. கண்ணாடில பாத்தா அப்படித்தான தெரியும்? ஒரு பொம்பளை எதுக்க உக்காந்திருந்தா சரியா இடது தோள்ல வரைஞ்சிருப்பாருல்லா?”

“அதுக்கு என்னட்டி இப்ப?”

“முந்தி எந்தப் பக்கம்னே தெரியாத ஆளு அத்தை. நம்பிப் போகலாம்.”

அண்ணாச்சி விடல. “சேலை கட்டுதானே தாயி”ன்னாவளாம்.

“வேலைக்குத்தானப்பா கட்டுனாரு. நீங்க கடையில வெல்ல மூட்டை தூக்கும்போது தலையில சாக்கைப் போட்டுக்கிடலியா?”

மறு வாரம் அண்ணாச்சியும் அக்காக்காரியும் மறுபடி சொல்லாம வந்தாவ. அக்காக்காரி நேரா தொட்டிக்குப் போயி கையக் கழுவிட்டு, “இலையப் போடு தங்கச்சி”ங்கா. வீட்டுல ரசமும் துவையலுந்தான். அண்ணாச்சி ரெண்டாந்தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாவ. “மாப்பிள்ளை எங்க, காணல? சேலையோட வந்தாலும் சரிதான்”னாவ. இவன் அடுக்களைக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு வெளிய வரவே மாட்டேன்னுட்டான்.

இப்பம் மருமவதான் உக்காருதா. கதாநாயகி, டாக்டரம்மா எல்லாம் அவளுக்கு. எனக்குக் கிழவி வேசந்தான். அதுல மட்டும் எம் மூஞ்சிய உள்ளபடியே வரைஞ்சு தொலைக்கான். போன வாரம் கூட பாருங்க, சுருக்கத்துக்கு மேல ரெண்டு சுருக்கம்…

அய்ய, கன்னுக்குட்டி அவுத்துக்கிட்டு தாய்கிட்டப் போயிட்டு. சாயங்காலப் பால் அம்புட்டும் போச்சு. புளியப் பாத்துக்கிடுங்க மதினி, நான் போயி அதைப் பிடிச்சுக் கட்டுதேன்.