நசுங்குவதற்கென்று ஓர் இடம்

ஆவூர் ஆண்ட்ரூஸுக்கு வாய் திறப்பதற்குள் கை நீண்டுவிடும். சென்னையில் ரயில் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் அவன் வெல்டர். பெட்டியின் இரு முனைகளிலும், கழிப்பறையும் வாசலும் இருக்கிற பகுதியைப் பற்றவைப்பது அவன் வேலை. ரயில் மோதினால் அந்த முனை அப்பளமாக நொறுங்கி அடியை வாங்கிக்கொள்ளும். நடுவில் இருப்பவர்கள் பிழைப்பார்கள். அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். முனையில் ஆள் இருக்காது என்று நினைப்பு. நம் ஊர் ரயிலில் ஒருநாள் ஏறிப் பார்த்திருக்க வேண்டும்!

ஈஸ்டர் பாஸ்கா நாடகம் பார்க்க ஊருக்குப் புறப்பட்டபோது மனைவி பிரின்சி வயிற்றுப்பிள்ளைக்காரி. எஞ்சினை அடுத்திருந்த முன்பதிவில்லாப் பெட்டியில் ஜன்னல் வழியே துண்டைப் போட்டு அவளுக்கு இடம் பிடித்தான். ஏறி வருவதற்குள் இலுப்பூர்க் கொத்தனார் பிச்சைமுத்து துண்டைத் தள்ளிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"துண்டு கெடக்குறது கண்ணு தெரியலயாய்யா?"

"துண்டுக்கா டிக்கெட் எடுத்தீங்க?"

மூக்கில் ஒரே குத்து. ரத்தத்தோடு திருப்பி அடிக்க வந்தவரைக் கழுத்தைப் பிடித்து இழுத்துப் போய்க் கழிப்பறை ஓரம் தள்ளினான்.

"இங்கிட்டே கெட!"

கோபத்தில் அது எந்த இடம் என்பதே அவனுக்கு உறைக்கவில்லை. பிரின்சி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. கூப்பிட்டுவிடலாமா என்று பார்த்தான். வீம்பு விடவில்லை.

பொழுது விடிகிற நேரம், நின்றிருந்த சரக்கு ரயிலில் வண்டி மோதியது. மனிதர்கள் மூட்டைகளாகப் பறந்து ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். யாருடைய பல்லோ ஆண்ட்ரூஸின் தோளைக் கிழித்தது. பிரின்சி இருந்த இருக்கை பெயரவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலறினாள், உயிரோடு.

முனை, செய்து வைத்தபடியே நசுங்கியிருந்தது. மடங்கிய இரும்புக்கு வெளியே பிச்சைமுத்துவின் ஒரு கை மட்டும் தெரிந்தது. நகம் பிய்ந்து தொங்கும்வரை ஆண்ட்ரூஸ் இரும்பை நெம்பினான். அசையவில்லை. பிறகு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். வெட்டும் கருவி வருவதற்குள் அது குளிர்ந்துவிட்டது. பாவி, அப்போதுதான் அழுதான்.

காரியத்தன்று இலுப்பூர் போனான். பிச்சைமுத்துவின் மனைவி செவந்தி அவனைக் கும்பிட்டாள்.

"கடைசிவரைக்கும் அவரு கையப் பிடிச்சுக்கிட்டு இருந்தது நீங்கதானாமே. நல்லாருக்கணும் சாமி. மூக்கு ஒடைஞ்சிருந்துச்சு, எதுல மோதுனாரோ."

"நான் அடிச்சதுங்க. எம் பொண்டாட்டி மாசமா இருந்தா. அவ சீட்டுக்காக நாந்தான் அவர அங்கிட்டு தள்ளுனேன். அந்த எடம் நசுங்கும்னு எனக்குத் தெரியும்ங்க."

செவந்தி கையிலிருந்த செம்பால் அவன் நெற்றியில் அடித்தாள். சொந்தக்காரர்கள் கீழே தள்ளி மிதித்தார்கள். ரத்தம் கண்ணை மறைத்தது. அவன் தடுக்கவில்லை.

"விடுங்க அவன," என்றாள் செவந்தி. "உசுரோட போகட்டும். எம் புருசன் சீட்டுல பொழைச்ச புள்ள நாளைக்கு அப்பான்னு கூப்பிடுமில்ல, அதுக்கிட்டயும் இதச் சொல்லட்டும்."