கொக்கின் இடது குதிகால்

ஏணியை விட்டு இறங்காமலே ஏணியோடு நடக்கத் தெரிந்த பெயிண்டர்கள் ஊருக்கு நாலைந்து பேர் இருப்பார்கள். அதை ஓட வைக்கவும் தெரிந்தவர் ஒருவர்தான். நீண்ட கால்களுக்காக அவருக்குக் கொக்கு என்று பெயர் விழுந்து இருபது வருடமாகிறது. சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் அவர் தெருவிலேயே உதட்டைப் பிதுக்குவார்கள்.

வித்தை இதுதான். இரண்டாக விரியும் மர ஏணியின் உச்சியில், ஒரு காலை இந்தப் பக்கப் படியிலும் மறுகாலை அந்தப் பக்கப் படியிலும் ஊன்றி நிற்க வேண்டும். இடுப்பை ஒரு வெட்டு வெட்டினால் ஏணியின் ஒரு பக்கம் எழும்பி ஒரு சாண் நகரும். எதிர்ப்பக்கம் வெட்டினால் மற்றது பின்னாலேயே வந்து சேரும். ஒவ்வொரு முறையும் இறங்கி, ஏணியை நகர்த்தி, திரும்ப ஏறுகிறவர்களை அவர் ‘மாடிப்படி ஆசாமிகள்’ என்பார். கூடத்தின் மேற்கூரையை முடித்துவிட்டு அவர் டீ குடிக்கும்போது மாடிப்படி ஆசாமிகள் முதல் மூலையைத் தாண்டியிருக்க மாட்டார்கள். இதில் கொஞ்சம் மிகை உண்டு. நிறைய உண்மையும் உண்டு.

அன்றைக்கு வீட்டுக்காரர் தன் பளபளப்பான தரையில் சொட்டு விழுந்துவிடுமோ என்று பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டுவைத்திருந்தார். சுண்ணாம்பு, வர்ணம் எதைக் கலக்குவதானாலும் கூடவே இருக்கும் மைத்துனர், அதைச் சுருட்டிவிடலாம் என்று சொல்லிப் பார்த்தார். தன் கையிலிருந்து சொட்டு விழும் என்று ஒருவர் நினைத்ததே கொக்குக்குப் பெரிய அவமானம். அது கிடக்கட்டும், சாயங்காலம் ஒரு புள்ளிகூட இல்லாமல் சுருட்டி அவர் கையில் கொடுப்போம் என்றார். நாலாவது வெட்டில் ஏணியின் ஒரு கால் விரிப்பின் மேல் வழுக்கிக்கொண்டு போனது.

எட்டடி உயரம். நின்ற வாக்கிலேயே, முழுப் பாரமும் இடது குதிகாலில் இறங்க விழுந்தார். பிரஷ் கையிலேயே இருந்தது. விரிப்பில் ஒரு சொட்டு விழவில்லை. ஆஸ்பத்திரியில் எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டபோது முதலில் அதைத்தான் சொன்னார்.

எலும்பு டாக்டர் குள்ளமான பெண்மணி. குரலை உயர்த்தாமல் பேசியே மற்றவர்களைக் குரலைத் தாழ்த்த வைப்பவர். ஸ்கேன் படத்தைத் திரையில் போட்டு, பேனா முனையால் சுட்டிக் காட்டினார். குதிகால் எலும்பு முட்டை ஓடு மாதிரி நொறுங்கியிருந்தது. கணுக்கால் உட்காரும் தளம் உள்ளே சரிந்து கிடந்தது. அப்படியே விட்டால் சமதரையில் வலியோடு நடக்கலாம், ஏணியை மறந்துவிட வேண்டியதுதான் என்று எதையும் சுற்றி வளைக்காமல் சொன்னார்.

“மூணு எடத்துல சின்னதா கீறி, எக்ஸ்ரேயில பாத்துக்கிட்டே சரிஞ்சதைத் தூக்கி ஸ்க்ரூ போட்டுடலாம். ஆனா பத்து நாளுக்குள்ள செய்யணும். அதுக்கப்புறம் துண்டுங்க விழுந்த எடத்துலயே ஒட்ட ஆரம்பிச்சுடும்.”

கொக்கு திரையைப் பார்க்கவில்லை. டாக்டரின் தலைக்கு மேலே, கதவின் மூலையில் புறப்பட்டு ஜன்னல் வரைக்கும் ஓடிய ஒரு விரிசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ அதன் மேலாகவே பட்டி மாவைத் தேய்த்து வர்ணம் அடித்திருந்தார்கள். ஒரே வருடத்தில் விரிசல் பழைய தடத்திலேயே திரும்பி வந்திருந்தது. தொழிலில் அவர் கற்ற முதல் பாடம் அது. விரிசலை ஒட்டுவதற்கு முன் பிளக்க வேண்டும். சுரண்டியால் இரண்டு பக்கமும் சீவி, பள்ளத்தை அகலமாக்கி, தூசியைத் தட்டி, ஈரம் காட்டி, அப்புறம்தான் பட்டி. பார்க்கப் பார்க்க மனசு வேகும், சேதத்தைப் பெரிதாக்குகிறோமே என்று. ஆனால் பெரிதாக்காமல் மூடியது எதுவும் நின்றதில்லை. சுவரையே இப்படிப் பூசுகிற இடத்தில் எலும்பை எப்படி ஒட்டுவார்கள்?

“தொறந்து பாக்காம உள்ளே எப்படி சரியா சேரும், டாக்டரம்மா?”

“எக்ஸ்ரேயில தெரியும்.”

“தெரியறது வேற. தொறக்கறது வேற. நீங்க முழுசா தொறந்தே செஞ்சிடுங்க. நான் தாங்கிக்குவேன்.”

வலியைக் குறைக்கச் சொல்லி வருகிறவர்களையே பார்த்துப் பழகிய டாக்டர், பெரிய வெட்டாகக் கேட்டு வாங்குகிறவரைக் கொஞ்சம் ஆர்வத்தோடு பார்த்தார். பிறகு பொறுமையாக விளக்கினார். அகலமாகத் திறப்பதும் ஒரு முறைதான், பலருக்குச் செய்வதுதான். ஆனால் குதிகாலின் பக்கவாட்டில் தோலுக்கும் எலும்புக்கும் நடுவில் சதையே கிடையாது. வீக்கம் வற்றும்வரை இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். அப்படியும் சிலருக்கு வெட்டிய இடம் மூடாமல் சீழ் பிடித்துவிடும். புகை பிடிக்கிறவர்களுக்கு அந்த ஆபத்து அதிகம்.

“சிகரெட் உண்டா?”

“விட்டு நாலு வருஷமாச்சு.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி ஜன்னலுக்கு வெளியே எதையோ உன்னிப்பாகப் பார்க்க ஆரம்பித்தாள்.

டாக்டர் வற்புறுத்தவில்லை. விழுந்து இரண்டாவது நாள் இது, ஒன்பதாம் நாள் வந்து முடிவைச் சொல்லுங்கள், பத்தாம் நாள் காலையில் உங்களுக்காக இடம் ஒதுக்கி வைக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தார்.

வீட்டில் இரண்டு தலையணைக்கு மேல் கால் ராஜா மாதிரி கிடந்தது. மற்ற உடம்பு அதற்கு ஏவல் செய்தது. மூன்றாம் நாள் பாதம் கத்தரிப்பூ நிறத்துக்கு வந்தது. ஐந்தாம் நாள் ஓரத்தில் பாசிப்பச்சை. அதற்கும் மஞ்சளுக்கும் நடுவில் ஒரு நிறம் வந்தபோது, வர்ண அட்டையில் அது எத்தனையாம் எண் என்று அவரும் மைத்துனரும் ஒரு மாலை முழுக்க வாதாடினார்கள். மைத்துனருக்கு மாமா சொன்னால் வேதம். பிளக்காமல் ஒட்டிய விரிசல்கள் எந்தெந்த வீட்டில் எப்படியெல்லாம் திரும்பி வந்தன என்று ஒரு பட்டியலே ஒப்பித்தார்.

“ரெண்டு பேரும் செவத்தைப் பத்தி நல்லா பேசுங்க. காலு என் வீட்டுல கெடக்கு” என்றாள் மனைவி. தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

ஆறாம் நாள் கணுக்காலுக்குக் கீழே இரண்டு கொப்புளங்கள் கிளம்பின. கொப்புளம் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. வர்ணம் உப்பினால் உள்ளே ஈரம் இருக்கிறதென்று அர்த்தம். ஈரச் சுவரில் கை வைக்கிறவன் பெயிண்டரே இல்லை. ஆக, காத்திருப்பதுதான் சரி. இப்படி ஒவ்வொரு நாளும் தொழில் அவர் பக்கமே சாட்சி சொன்னது. சாட்சி இவ்வளவு பலமாக இருந்தும் ஏழாம் நாளிலிருந்து அவருக்குத் தூக்கம் மட்டும் வரவில்லை. குதிகாலுக்குள் துண்டுகள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொள்ளும் சத்தம் கேட்பதாக ஒரு பிரமை. எந்த மூலையில் ஏணியைச் சாத்தியிருந்தார்களோ அந்த மூலையைப் பார்க்காமல் திரும்பிப் படுத்தார். குளியலறைக்கு ஒற்றைக் காலில் தத்தித் தத்திப் போய், ஜன்னலைத் திறந்து வைத்து, நாலு வருடத்துக்கு முன் விட்ட சிகரெட்டைப் பிடித்தார்.

ஒன்பதாம் நாள் டாக்டர் கட்டைப் பிரித்து, கொப்புளத்தைத் தொடாமல் சுற்றிலும் விரலால் அழுத்திப் பார்த்தார்.

“என்ன முடிவு பண்ணீங்க?”

“காத்திருக்கேன் டாக்டரம்மா. வீக்கம் வத்தட்டும். தொறந்தே செய்யலாம்.”

டாக்டர் பேனாவை எடுத்தார். அப்போதுதான் மனைவி, வந்ததிலிருந்து முதல் தடவையாக, வாயைத் திறந்தாள்.

“நாடகக் கொட்டகை மேற்கூரையை எப்படி ஒட்டுனீங்க?”

பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய சமாச்சாரம். பழைய நாடகக் கொட்டகை ஒன்றின் மேற்கூரையில் எவரோ ஆகாயமும் நூறு பறவைகளும் வரைந்து வைத்திருந்தார்கள். பூச்சு மரச்சட்டத்தை விட்டுக் கழன்று, தட்டினால் காலிப் பானை மாதிரி ஒலித்தது. உடைத்துவிட்டுப் புதிதாகப் பூசலாம் என்றார்கள் மற்றவர்கள். கொக்கு தீக்குச்சி நுழைகிற அளவுக்குத் துளை போட்டு, மாட்டுக்கு ஊசி போடும் சிரிஞ்சால் பசையை உள்ளே செலுத்தி, பஞ்சு சுற்றிய பலகையைக் கீழிருந்து அழுத்தி முட்டுக் கொடுத்தார். அன்று மைத்துனருக்குக் காய்ச்சல். மத்தியானம் முழுக்க முட்டுக் கட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்தான்.

“தொறந்தா பறவையெல்லாம் தரைக்கு வந்துடும்னு நீங்கதானே சொன்னீங்க.”

“அதுல படம் இருந்துச்சு. என் கால்ல என்ன படமா வரைஞ்சிருக்கு?”

“தோல் இருக்கு. அது போச்சுன்னா இன்னொண்ணு வரைவீங்களா?”

மனைவி டாக்டர் பக்கம் திரும்பினாள்.

“இன்னொண்ணும் சொல்லிடறேன். நாலு வருஷமெல்லாம் இல்ல. நாலு மணி நேரம்கூட ஆகல.”

“தெரியும்மா. அன்னைக்கே சட்டைப் பையில தீப்பெட்டி இருந்துச்சு” என்றார் டாக்டர்.

கொக்கு பையைத் தொட்டுப் பார்த்தார். இன்றைக்கும் இருந்தது. பிறகு, சின்னத் துளையிலேயே தூக்கினால் அது திரும்ப இறங்காமலிருக்க முட்டுக் கொடுப்பீர்களா என்று கேட்டார். ஸ்க்ரூதான் முட்டு என்றார் டாக்டர். ஆனால் எட்டு நாள் வீணாகிவிட்டதால் துண்டு அசைந்து கொடுக்குமா என்று உறுதி சொல்ல முடியாது, வராவிட்டால் அங்கேயே திறக்க வேண்டி வரலாம், இந்தத் தோலில் அது தனக்குப் பிடிக்காத வேலை என்றும் சேர்த்துச் சொன்னார். கொக்கு போட்ட கையெழுத்து கோட்டை விட்டு இறங்கிப் போனது. மேற்கூரை விளிம்பில் மயிரிழை பிசகாமல் கோடு இழுக்கிற கை.

பத்தாம் நாள் காலை. முதுகில் போட்ட ஊசியில் இடுப்புக்குக் கீழே உடம்பு இல்லாமல் போனது. ஒருக்களித்துப் படுக்கவைத்து முன்னால் பச்சைத் துணியைக் கட்டினார்கள். அரைவட்டமாக வளைந்த எக்ஸ்ரே இயந்திரம் காலைச் சுற்றி வந்து நின்றது. துணிக்கு அந்தப் பக்கம் நடப்பது தெரியாது. காதில் விழுவது மட்டும்தான். துளை போடும் சத்தம் அவருக்குப் பழக்கமான சத்தம். குதிகாலில் கம்பியை ஏற்றுகிறார்கள் என்று புரிந்தது.

“இழுங்க” என்றார் டாக்டர். இயந்திரம் ‘ட்ர்ர்’ என்றது. “வரல. தளர்த்துங்க.”

மறுபடி இழுத்தார்கள். மறுபடி ‘ட்ர்ர்’. உதவிக்கு நின்றவர் தாழ்ந்த குரலில், திறந்துவிடலாமா என்று கேட்டார்.

எட்டு நாளாகத் திறக்கச் சொல்லி வாதாடிய மனிதர், திறக்கக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். எண்ணிப் பார்த்தார். மூன்றாம் நாளே வந்திருக்கலாம். நாலாம் நாள் வந்திருக்கலாம். வர்ண அட்டை எண்ணுக்காக வாதாடிய ஐந்தாம் நாளாவது வந்திருக்கலாம்.

“இன்னொரு தடவை” என்றார் டாக்டர். “இந்தத் துளை வழியா நெம்புகோலைக் கீழே விடறேன். நீங்க கீழ்ப்பக்கமா இழுங்க. மெதுவா. இன்னும். நில்லுங்க, அசையாதீங்க.”

உதவியாளருக்குச் சொன்னது அது. கொக்கும் அசையவில்லை. அசைக்க அவரிடம் பாதி உடம்புதான் இருந்தது, அதையும் நிறுத்தி வைத்தார். மூச்சையும் சேர்த்து. முட்டுக் கட்டையைக் கட்டிப் பிடித்தபடி மேலே பார்த்துக்கொண்டு நின்ற மனைவியின் கழுத்து நினைவுக்கு வந்தது. இயந்திரம் ‘ட்ர்ர்’ என்றது.

“ஸ்க்ரூ” என்றார் டாக்டர்.

மூன்று தழும்புகளுமாகச் சேர்ந்து ஒரு விரல் நீளம்கூட இல்லை. பார்க்க வந்த மைத்துனருக்கு முகம் விழுந்துவிட்டது. இவ்வளவுதானா மாமா, இதை யாருக்குக் காட்டி என்ன சொல்வது என்று வருத்தப்பட்டார். பத்து வாரம் கால் தரையில் படக் கூடாது என்றதால் கொக்கு தன் பெயருக்கு ஏற்றபடி ஒற்றைக் காலில் நின்றார். ஊன்றுகோலோடு கடைக்குப் போக முடியாததால் சிகரெட்டும் நின்றது. அதற்கு அவர் வைத்த பெயர் மன உறுதி.

ஐந்தாம் மாதம் டாக்டர் படத்தைப் பார்த்தார். தளம் தூக்கிய இடத்திலேயே நின்றிருந்தது. பாதம் பக்கவாட்டில் முன்போல் புரளாது, கரடுமுரடான தரையில் வலிக்கும் என்றார். ஏணி? அது படத்தில் தெரியாது, ஏறிப் பார்த்தால்தான் தெரியும் என்றார்.

“அப்படின்னா இங்கேயே ஏறிப் பாத்துடறேன்” என்று கொக்கு கதவுக்கு மேலே இருந்த விரிசலைக் காட்டினார். “அஞ்சு மாசமா அதைப் பாத்துக்கிட்டே இருக்கேன். என்னால முடியல.”

அனுமதி வாங்க ஒரு வாரம் ஆனது. விடுமுறை நாளில், மேஜையை ஓரம் கட்டிவிட்டு, ஏணியை விரித்தார்கள். மைத்துனர் அடியைப் பிடித்துக்கொண்டார். மனைவி துணைக்கு வந்தவள் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆனால் நுனியில்தான் உட்கார்ந்தாள். டாக்டரும் வந்தார், ஏதோ கோப்பு எடுக்க.

வலது கால். பிறகு இடது. படியின் விளிம்பு உள்ளங்காலில் பட்டதும் குதிகாலிலிருந்து ஒரு கோடு மேலே போனது. அது வலியா, ஞாபகமா என்று தெரியவில்லை. அடுத்த படி. அதற்கடுத்த படி. நின்றார். கோடு கூடவில்லை. சுரண்டியை எடுத்து விரிசலின் வாயைப் பிளக்க ஆரம்பித்தார். சுண்ணாம்பு பொலபொலவென்று கொட்டியது.

“சின்னத் துளை போட்டு ஒட்டக் கூடாதா?” என்று கீழிருந்து கேட்டார் டாக்டர்.

“செவத்துக்கு அது நிக்காது, டாக்டரம்மா.”

கை எட்டியவரை பிளந்தாயிற்று. விரிசல் இன்னும் ஜன்னலை நோக்கி ஓடியது. அவருடைய இடது கால் தானாக மறுபக்கப் படிக்குப் போனது. இடுப்பு இறுகியது. மைத்துனரின் கைகளும் கீழே ஏணியில் இறுகின. நாற்காலி கிறீச்சிட்டது. மனைவி எழுந்துவிட்டாள்.

கொக்கு காலைத் திருப்பி எடுத்தார். “புடி மச்சான், எறங்கறேன்” என்றார்.

ஏறுவதைவிட இறங்குவது கஷ்டம். மடங்க மறுத்த கணுக்கால் ஒவ்வொரு படியையும் தடவித் தேடியது. தரைக்கு வந்ததும், ஏணியை ஒரு முழம் நகர்த்திப் போட்டு, மறுபடி முதல் படியில் கால் வைத்தார், சுத்தமான மாடிப்படி ஆசாமியாக.

ஜன்னலை அடைவதற்குள் ஐந்து முறை இறங்கி ஏறினார். ஐந்தாவது தடவை மைத்துனர் ஏணியைப் பிடிக்க மறந்து ஓரமாகப் பட்டி குழைத்துக்கொண்டிருந்தார். மனைவி டாக்டரிடம் ரவிக்கை அளவு பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். கொக்கு ஏறியதை யாரும் பார்க்கவில்லை.