அப்பாவைச் சோதித்தேன்

நாற்பத்து மூன்று வயதில் அஞ்சல் வழியில் உளவியல் படிக்கச் சேர்ந்தேன். பல மொழிக்காரர்கள் வாழும் எங்கள் தீவில், லம்பா லைன் பகுதியிலிருந்த வீட்டில் சாப்பாட்டு மேசைதான் வகுப்பறை. முதல் பாடமே தலையைச் சுற்ற வைத்தது. நடத்தையை மட்டும் பார், மனசுக்குள் எட்டிப் பார்க்காதே என்றது ஒரு கோட்பாடு. ஆழ்மனசில் புதைந்து கிடப்பதுதான் ஆளை ஆட்டி வைக்கிறது என்றது இன்னொன்று. மனம் செய்திகளை எப்படி வாங்கி, வைத்து, எடுத்துத் தருகிறது என்று அளந்து பார் என்றது மூன்றாவது. அந்த ஆள் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று கேள் என்றது நாலாவது. நாலுக்கும் பங்காளிச் சண்டை. எனக்கு மூன்றாவதுதான் பிடித்தது. அளந்தால் மார்க் வாங்கலாம்.

செய்முறை நோட்டுக்கு ஒருவரைச் சோதிக்க வேண்டும். அப்பா வசமாகக் கிடைத்தார். அரசு ஒர்க்‌ஷாப் ஸ்டோரில் முப்பது வருஷம் உதிரிபாக எண்களை மனப்பாடமாகச் சொன்ன மனுஷன். நான் விநாடிக்கு ஒரு எண் வாசிக்க, அவர் அதே வரிசையில் திருப்பிச் சொல்ல வேண்டும். நாலு எண் வரை சொன்னார். ஐந்தில் தடுமாறினார். வேறு ஐந்து கொடுத்தேன், அதிலும் தடுமாற்றம்.

“மத்தவங்க எத்தன சொல்வாங்க?”

“ஆறு, ஏழு வரும்ப்பா” என்றேன், பெரிய டாக்டர் மாதிரி. ‘நினைவாற்றல் குறைவு’ என்று எழுதி நோட்டை அனுப்பிவிட்டேன்.

அடுத்த வாரம் ஸ்கூட்டர் சாவியை என்னிடம் நீட்டினார். “மீன் மார்க்கெட்டுக்கு இனி நீயே போம்மா. பாதி வழியில எனக்கு எல்லாம் மறந்துட்டா?” சாப்பிட்ட மாத்திரையைக்கூட என்னிடம் கேட்டு உறுதி செய்துகொள்ள ஆரம்பித்தார்.

ஒரு நாள் குழாயில் தண்ணீர் வரவில்லை. பக்கத்து வீட்டு வங்காளக்காரர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து டேங்கர்காரரின் நம்பரைக் கத்தினார். அப்பா உள்ளே வந்து, “எழுது, நௌ, சார், தீன், தோ...” என்று பத்து எண்ணையும் ஒரே மூச்சில் இந்தியில் சொன்னார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வங்காளி, தெலுங்கர், மலையாளி எல்லோரும் இருந்த ஸ்டோரில் எண்ணிக்கை முழுக்க இந்தியில்தான். நான் தமிழில் கேட்ட ஒவ்வொரு எண்ணையும் அவர் இந்திக்கு மாற்றி வைத்துக்கொண்டு, மறுபடி தமிழில் தேடியிருக்கிறார். கூடவே வளர்ந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். யோசிக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

அன்றே இந்தியில் சோதித்தேன். ஏழு சொன்னார்.

“அரே, நான் வருத்தப்படுறேன்னு லேசாக் கேட்ட” என்றார்.

இல்லையென்று எவ்வளவோ சொன்னேன், நம்பவில்லை. அந்தச் சமயத்தில் நோட்டு திரும்பி வந்தது. தமிழில் கேட்ட தப்பு என்னுடையதுதான் என்று காட்ட, அதைத் திறந்து அவர் முன் வைத்தேன். அவர் கண் நேரே சிவப்பு மையில் போட்டிருந்த மார்க்குக்குப் போனது.

“இருபதுக்குப் பதினெட்டா? தப்பா எழுதியிருந்தா இவ்வளவு போட்டிருப்பாங்களாம்மா?”

கேட்டுவிட்டு, என்னைப் பாராட்டும் விதமாக என் தோளில் தட்டிக்கொடுத்தார்.