கை பிரித்த கதை

தையலக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை அவளே ஒத்துக்கொள்வாள். எடை தூக்கும் போட்டிகளில் தங்கச்சி பரிசு மேல் பரிசு வாங்கிய காலத்தில், கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் மெஷினை மிதித்துக்கொண்டே அளப்பாள்: "இவ சட்டைக் கையைப் பிரிச்சுப் பிரிச்சே என் கண்ணு போச்சு. உள்ள மடிச்சு விட்ட துணியெல்லாம் தீர்ந்து, இப்ப ஒட்டுப் போட்டுத் தைக்கிறேன்!" பெருமைதான், வேறென்ன?

அந்தப் பெருமையே வினையாய் முடிந்தது. பெரிய போட்டியில் தங்கச்சி ஜெயித்ததும், ஊக்கமருந்துச் சோதனைக்கு அவளைக் கூட்டிப்போவது டிவியில் தெரிந்தது. ஜெயிக்கிறவர்களைக் கூட்டிப்போவது வழக்கம்தான். அது யாருக்கு வேண்டும்? "மாட்டிக்கிட்டா" என்று தெருவே தீர்ப்புச் சொல்லிவிட்டது. சாட்சி யார்? அக்காவேதான்! "ஊசி போடாம கை அப்படிப் பெருக்குமா? அவ அக்கா வாயாலயே சொன்னாளே!"

சோதனையில் ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது. "யாரைப் பிடிச்சு சரிக்கட்டினாங்களோ" என்றார்கள். அட, நரம்பில்லாத நாக்கே! குடியிருப்புச் சங்கத் தலைவர் அவளுக்கென்று ஏற்பாடு செய்திருந்த பாராட்டுக் கூட்டத்தையே நிறுத்திவிட்டார்.

தங்கச்சி பயிற்சியை விட்டுவிட்டுக் கடைக்குப் பின்னறையில் சுருண்டு கிடந்தாள். அடுத்த தேர்வுப் போட்டி நெருங்கிவிட்டது. "ஜெயிச்சாலும் அதைத்தானே சொல்வாங்க. நான் போகலக்கா." அக்காவுக்குத் தன் வாயைத் தானே தைத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அப்போதுதான் தலைவர் கோட்டும் கையுமாக வந்தார். கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள்.

"பட்டன் போட முடியலம்மா. கொஞ்சம் பிரிச்சு விடு."

அவர் இடுப்பைச் சுற்றி டேப்பை வைத்த அக்கா நிமிர்ந்தாள். "அடேயப்பா! போன வருஷம் நான் தைச்ச கோட்டுதானே சார் இது? என்ன ஊசி போட்டீங்க?"

"என்னம்மா பேச்சு இது? சாப்பாடு, வயசு..."

"ஓஹோ! நீங்க உக்காந்து தின்னா அது உடம்பு. என் தங்கச்சி வேர்வை சிந்தி வளர்த்தா அது ஊசி! அவளைச் சோதிச்சுப் பார்த்து சுத்தம்னு சொல்லியாச்சு. உங்களை யார் சார் சோதிச்சா?"

கோட்டை அவர் கையிலேயே திணித்தாள். அவர் முகம் செத்துப்போய் வெளியேறினார். நேற்றுவரை வாய் ஓயாமல் பேசியவர்கள் எல்லாம் துணியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பின்னறைக் கதவு திறந்தது. பயிற்சிச் சட்டையோடு தங்கச்சி நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"அக்கா, கை பிடிக்குது. கொஞ்சம் பிரிச்சு விடறியா?"

"சத்தமாக் கேளுடி!" என்றாள் அக்கா. "தெருவுக்கே கேக்கட்டும்!"