முதல் தட்டு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு ஆலை வாசலுக்கு எதிரே சுகிர்தா இட்லிக் கடை வைத்திருந்தாள். ஒரு தார்ப்பாய், ஒரு அடுப்பு, ஒரு பெஞ்சு. கணவன் அன்புக்கு அந்த ஆலையில்தான் வேலை. விடிகாலையில் ஆரம்பாக்கத்திலிருந்து மாவு வாளியை வண்டியில் கட்டிக்கொண்டு இருவரும் வந்துவிடுவார்கள். ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள் அவளிடம் சாப்பிட்டுவிட்டுத்தான் ரயிலுக்குப் போவார்கள்.

பக்கத்தில் மூடிக் கிடந்த தொழிற்சாலையில் ஒரு கொலைப் படம் எடுக்க வந்தார்கள். இயக்குநர் இளமதி சென்னைப் பெண். தினமும் சுகிர்தாவிடம் சாப்பிட்டவள், ஒருநாள் கேட்டாள்: "நீங்களும் ஒரு சீன்ல வாங்களேன்க்கா."

"எனக்கு நடிக்கல்லாம் வராதும்மா."

"நடிக்கவே வேணாம். சாம்பாரைக் கிண்டிட்டே அந்த கேட்டைப் பாருங்க, போதும்."

சுகிர்தா கிண்டினாள், பார்த்தாள். அன்பு வெளியே வரும் நேரத்தில் தினமும் எப்படிப் பார்ப்பாளோ அப்படித்தான் பார்த்தாள். கதை என்னவென்று யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

படம் வந்ததும் பக்கத்து வீட்டு ஷைனியோடு தியேட்டருக்குப் போனாள். திரையில் ஒரு சூப்பர்வைசர் அவள் கடையில் சாப்பிட்டுவிட்டுப் போய்ச் செத்து விழுந்தான். அடுத்து அவள் முகம், திரை முழுக்க. பின்னணியில் திகில் இசை. கரண்டி மெல்லச் சுற்றியது, கண்கள் கேட்டைப் பார்த்தன.

"இவதான்டா! சாம்பார்ல வெஷம் வெச்சிட்டா!" என்று பின்வரிசையில் கத்தினார்கள். படத்தில் அந்த முகம் திரும்பத் திரும்ப வந்தது. இருட்டில் உட்கார்ந்திருந்த சுகிர்தாவுக்கே ஒரு கணம், நான்தான் கலந்துவிட்டேனோ என்றிருந்தது. ஷைனியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கடைசியில்தான் தெரிந்தது, கொன்றது விசாரிக்க வந்த போலீஸ் அதிகாரி. அவளுக்கு மூச்சு வந்தது. அத்தோடு தீர்ந்தது என்று நினைத்தாள்.

தீரவில்லை. அவள் முகம் ஸ்டிக்கராகி ஆலையின் வாட்ஸ்அப் குழு முழுக்கச் சுற்றியது: 'நாஷ்டா ரெடி.' முதலில் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கடையைத் தாண்டிப் போனார்கள். வருஷக்கணக்காகச் சாப்பிட்ட எபினேசரை அவள் மறித்தாள்.

"இன்னாண்ணா, கொலைகாரன் போலீசுதான்னு பாத்தல்ல?"

"பாத்தேம்மா. நீ இல்லன்னு தெரியும். ஆனா இட்லிய வாய்கிட்ட எடுத்துக்கினு போனா அந்த மூஞ்சிதான் வர்து. இன்னா பண்ண சொல்ற?"

இளமதிக்குப் போன் செய்தாள். "அதுதான்க்கா நம்ம வெற்றி! எல்லாரையும் ஏமாத்திட்டீங்க" என்று அவள் சிரித்தாள்.

"நான் யாரையும் ஏமாத்தலம்மா. எங்க ஊட்டுக்காரரத்தான் பாத்தேன்."

இன்னொரு படம் இருப்பதாகவும் இதே பார்வை வேண்டும் என்றும் இளமதி சொன்னாள். சுகிர்தா போனை வைத்துவிட்டாள்.

அன்புதான் ஒரு வழி சொன்னான். "அவங்க முன்னாடி நீ மொதல்ல துன்னு காட்டு."

மறுநாள் முதல் தட்டை எடுத்து, சாம்பார் ஊற்றி, ரோட்டைப் பார்த்து நின்றே சாப்பிட்டாள். எபினேசர் வந்தார். அவர் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். கொஞ்ச நாளில் பெஞ்சு நிறைந்தது. ஆனால் அவள் விழுங்கி முடிக்கும் வரை யாரும் தட்டை நீட்டவில்லை. வேடிக்கையாகத் தொடங்கியது பழக்கமாகிவிட்டது. காய்ச்சலில் நாக்கு கசந்த நாளிலும் தின்றாள். எத்தனையோ ஜோடிக் கண்கள் தன் தொண்டையையே பார்ப்பதால், முதுகைத் திருப்பக்கூட அவளுக்குப் பயம்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அந்த நாட்களில் அவள் மதியம் வரை பச்சைத் தண்ணீரும் தொடுவதில்லை. சாம்பல் புதன்கிழமை காலையில், நெற்றியில் சாம்பல் சிலுவையோடு நின்று சொன்னாள்: "இன்னிக்கு உபாசம். நான் துன்ன மாட்டேன், நீங்க சாப்புடுங்க."

யாரும் நகரவில்லை. "இன்னிக்குதான் கலந்துகீறா போல" என்றான் ஒருவன். சிரிப்பு எழுந்து அடங்கியது. ஒருவரும் தட்டை எடுக்கவில்லை. எபினேசர் கைபேசியைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஈடு ஈடாக வெந்த இட்லி ஆறிக்கொண்டிருந்தது. சுகிர்தா அன்பைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அவள் ஒரு தட்டை எடுத்தாள். இட்லியைப் பிட்டு சாம்பாரில் தோய்த்து வாயில் வைத்து, எல்லாருக்கும் தெரிய விழுங்கினாள்.

"ரெண்டு வைக்கா" என்று முன்னால் நின்றவன் தட்டை நீட்டினான்.