ஏரிக்கரையில் ஒரு செம்மறிக்குட்டி

எனக்கு மட்டும் ஓர் அறை வாடகைக்குத் தேடித் திருநின்றவூரில் ரயிலிறங்கி, ஏரிக்கரையோரம் நடக்கிறேன். மந்தையை விட்டு விலகி ஒரு செம்மறி தரையைக் காலால் கீறுகிறது. படுக்கிறது, எழுகிறது, மறுபடி படுக்கிறது. அருகில் குந்தியிருக்கும் ஆட்டுக்காரப் பெண் என்னைக் கூப்பிடுகிறாள்.

"அண்ணாத்தே, இதுக்கு மொத ஈத்து. கழுத்த கொஞ்சம் புடிச்சிக்கோ."

பிடித்துக்கொள்கிறேன். நீர்க்குடம் உடைகிறது. முன்னங்கால்களும் அவற்றின் மேல் மூக்கும் தெரிகின்றன. ஆடு முக்கும்போதெல்லாம் அவள் மெல்ல இழுக்கிறாள். குட்டி வந்து விழுகிறது, மூச்சு இல்லை. அவள் அதன் வாயிலும் மூக்கிலும் இருந்த சளியை வழித்தெடுத்து, மூக்குத் துளையில் ஒரு துரும்பை விட்டு, விலாவைப் பரபரவென்று தேய்க்கிறாள். குட்டி தும்முகிறது.

"பொயச்சிக்கிச்சு!"

தாய் அதை நக்கத் தொடங்குகிறது. தள்ளாடி எழுந்த குட்டி, மடியைத் தேடிப்பிடித்துச் சீம்பால் குடிக்கிறது.

"உனக்கு எத்தினி புள்ளைங்க?" என்று கேட்கிறாள்.

"ஒண்ணு பொறந்துச்சு. அழவே இல்ல. அதுலேர்ந்து என் சம்சாரம் அவங்க அம்மா வீட்லதான் இருக்கா."

அவள் கோலை எடுக்கிறாள்.

"மத்த ஆட்டெல்லாம் ஓட்டிகினு வந்துடறேன். காக்கா கண்ண கொத்திடும், பாத்துக்கினு இரு."

போய்விடுகிறாள். காகங்களை விரட்டியபடி குட்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.