ஏலமலைக்கு ஒரு ஜீப்

காலை ஆறு மணிக்குப் போடியிலிருந்து நான் ஓட்டிச் செல்லும் ஜீப்பின் பின்பக்கத்தில் ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் தோளோடு தோள் நெருக்கி, மடியில் தூக்குவாளியோடு உட்கார்ந்திருப்பார்கள். என் பக்கத்து இருக்கை மட்டும் காலியாக வரும். சிங்கப்பூர் ரயிலிலும் பக்கத்து இருக்கை சில நாள் காலியாக வந்ததுண்டு. அங்கே அதை நாகரிகம் என்று எடுத்துக்கொள்ளலாம். மூச்சுவிட இடமில்லாத ஜீப்பில் அதை என்னவென்று எடுத்துக்கொள்வது? பெண்களை ஏற்றத் தொடங்கிய மூன்றாவது வாரம் கேட்டுவிட்டேன். கூட்டத்தில் மூத்தவரான செல்லத்தாயி ஒளிக்காமல் சொன்னார்: "பின்னால இருந்தா ரோடு தெரியாதும்மா. முன்னால உக்காந்தா நீ ஓட்டுறதப் பாக்கணும்ல."

சிங்கப்பூர்த் தோழிகளே, உங்களுக்குத் தெரிந்ததுதான். சென்னையில் பிறந்தவள் நான். இருபது வருடத்துக்கும் மேலாகச் சிங்கப்பூரில் ஒரு கப்பல் அலுவலகத்தில், எந்தக் கப்பல் எந்தத் துறைமுகத்துக்கு என்று தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். ஒரு கப்பலிலும் ஏறியதில்லை. நாற்பத்தைந்து வயதில் விடுமுறைக்கு மூணாறு போய்விட்டு, போடிமெட்டு வழியாகக் கீழே இறங்கும்போது மூடுபனியில் டாக்ஸி நின்றுவிட்டது. முதலில் பெண்களின் சிரிப்பு வந்தது. பிறகு இரண்டு மஞ்சள் விளக்குகள். பிறகுதான் ஜீப். எங்களைக் கடந்ததும் பனி மூடிக்கொண்டது. சிரிப்பு மட்டும் கொஞ்ச தூரம் மேலே ஏறிப்போனது. அலுவலகம் திரும்பிய பிறகும் அந்தச் சிரிப்பின் பின்னாலேயே மனம் போய்க்கொண்டிருந்தது. துறைமுகங்களின் பெயரைத் தப்புத் தப்பாக அடித்தேன். ஆறு மாதத்தில் வேலையை விட்டேன்.

"அம்மா, இது அந்த வயசுல வர்ற கிறுக்கா?" என்று மகள் யாழினி கேட்டாள். கல்லூரி விடுதியில் இருந்தாள் அவள். அவளுடைய அப்பாவும் நானும் பிரிந்து வெகுகாலம் ஆகியிருந்தது. இருக்கலாம் என்றேன்.

போடியில் ஜீப் வைத்திருக்கும் பாண்டி அண்ணனும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சிங்கப்பூர்ல இருந்து ஜீப்பு ஓட்டவா வந்தீங்க? அங்க ரோடு இல்லையா?"

"இருக்கு அண்ணே. எல்லாம் நேரா இருக்கு."

அவர் சிரிக்கவில்லை. உரிமம் எடுக்கச் சொன்னார். அதன் பிறகும் பல மாதம் உரமூட்டை லோடு மட்டும்தான். மூட்டைக்குப் பயம் கிடையாது என்பது அவர் சொன்ன காரணம். ஒவ்வொரு வளைவாக மலை எனக்குப் பழகியது. கீழே வெயிலில் புழுதி. பாதி ஏறியதும் காது அடைக்கும். உச்சியில் மேகம் சாலையைக் கடந்து மறுபக்கம் போகும். வண்டியை நிறுத்தி அதற்கு வழிவிடத் தோன்றும்.

ஆடி மாதம் ஒரு பிற்பகல். மூன்று நாளாக விடாத மழை. பெண்களை அழைத்துவர நான் மேட்டுச் சாலையில் வண்டியை நிறுத்தியபோது, தோட்டத்துப் பம்புக்காரர் குடையோடு ஓடிவந்தார். மலையாளி. கையைக் கீழே காட்டிக் கத்தினார்: "சேச்சி, தாழே வெள்ளம் வந்நு! வெள்ளம் வந்நு!"

பெண்கள் பள்ளத்தில் காய் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே இறங்குவது செம்மண் தடம். மழையில் இறங்கவே கூடாது என்று பாண்டி அண்ணன் சொல்லியிருந்தார். இறங்கினேன். வண்டியின் மூக்குக்கு அப்பால் வெண்மை. இருபுறமும் ஏலச்செடிகள் ஈரக்கையால் தடவிவிடுவதுபோல உரசின. ஓரிடத்தில் பின்சக்கரம் வழுக்கி, ஜீப் குறுக்காகத் திரும்பி நின்றது. இடதுபுறம் தரையே இல்லை. யாழினியிடம் சரியாக விடைபெறாமல் வந்தது நினைவுக்கு வந்தது. மெல்ல, மிக மெல்லத் திருப்பினேன்.

கொட்டகையருகே பெண்கள் குழாயடியில் குடத்தோடு நின்றிருந்தார்கள்.

"அக்கா, ஏறுங்க, வெரசா! வெள்ளம் வந்துருச்சாம்!"

"ஆமா, இப்பத்தான் வந்துச்சு. மோட்டாரு கெட்டு மூணு நாளா கொழாயில சொட்டுத் தண்ணி இல்ல" என்றார் செல்லத்தாயி. "ஒனக்கும் ஒரு கொடம் வேணுமா?"

மலையாளத்தில் வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர். எனக்கு அது புரிந்த முகத்தைப் பார்த்து அவர்களுக்கும் புரிந்துவிட்டது. ஒருத்தி குடத்தைப் போட்டுவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். செல்லத்தாயி மட்டும் தடத்தில் டயர் இழுபட்ட இடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இந்தச் சறுக்கல்ல எங்களுக்காகவா எறங்குனே?"

தலையாட்டினேன்.

"கிறுக்கச்சி" என்றார். முந்தானையால் என் முகத்திலிருந்த சேற்றைத் துடைத்தார். மழை விட்டுத் தடம் இறுகும்வரை காத்திருந்து மேலே ஏறியபோது, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ரோட்டப் பாத்து ஓட்டு. என்னையப் பாக்காத."

பாண்டி அண்ணன் இரண்டு நாள் சாவியைத் தரவில்லை. அது நியாயம்தான்.

போன மாதம் யாழினியின் பட்டமளிப்புக்குச் சிங்கப்பூர் வந்திருந்தேன். மேம்பாலத்திலிருந்து டாக்ஸி சரிந்து இறங்கும்போது ஓட்டுநரான சீனத்துப் பெரியவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "ஆன்ட்டி, யூ டிரைவர் ஆ?" ஆமாம் என்றேன். எங்கே என்றார்.

"ஊருல" என்று தமிழில் வந்துவிட்டது.

பக்கத்திலிருந்த யாழினி திரும்பினாள். "எந்த ஊரும்மா?"

டாக்ஸி சிக்னலில் நின்றுவிட்டிருந்தது. என் வலது கால் மட்டும், அங்கே இல்லாத பிரேக்கை அழுத்தி மிதித்தபடியே இருந்தது.